நரி ஏன் பாடச் சொன்னது?

பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்லி முடித்ததும், "நரி ஏன் காக்காவைப் பாடச் சொல்லிச்சு?" என்று மூன்று வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். "நரிக்குப் பாட்டு புடிக்கும்" என்று பதில் வரலாம். ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்தா வடை கீழ விழும்ல!" என்று சொல்லும். அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் வேலை சாதாரணமானதல்ல. நரி சொல்வது ஒன்று, நினைப்பது வேறு. அது காக்காவுக்குத் தெரியாது. கதை கேட்கும் நமக்குத் தெரியும். இத்தனையையும் ஒருசேர மனதில் நிறுத்திக்கொண்டால்தான் அந்தப் பதில் வரும்.

ஹைன்ஸ் விம்மர், ஜோசஃப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில் மாக்ஸி என்று ஒரு பையன் வருவான். சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போவான். அம்மா அதை வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுவாள். மாக்ஸி திரும்பி வந்து எங்கே தேடுவான் என்று குழந்தைகளைக் கேட்டார்கள். சின்னக் குழந்தைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டின. அடுத்தவர் ஒன்றைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கக்கூடும் என்பது ஏறத்தாழ நான்கு வயதையொட்டித்தான் பிடிபடுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகளும் காட்டின. நம் ஊர்க் காக்காவும் நரியும் அதே சோதனையைத் தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

வாயைத் திறந்தால் வடை விழும் என்று சொன்ன அந்தக் குழந்தைக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் எட்டு வயதில் பாடப் பத்தியைப் படித்துவிட்டு, "அவன் ஏன் பொய் சொன்னான்?" என்ற கேள்விக்கு விடை தேடும்போது செய்யப்போகிற அதே வேலையை இப்போதே செய்துவிட்டது. படித்துப் புரிந்துகொள்ளும் திறன் புத்தகம் கைக்கு வந்த பிறகு தொடங்குவதல்ல. அது காதில் தொடங்குகிறது, பேச்சில் வளர்கிறது. நம் மழலையர் வகுப்புகள் இந்த ஒன்றைத்தான் கவனிக்கத் தவறுகின்றன.

எல்.கே.ஜி. குழந்தையின் பையைத் திறந்தால் நாலு கோடு நோட்டு இருக்கும். பக்கம் பக்கமாக ஒரே எழுத்து, சிவப்பு மையில் டிக், மேலே ஒரு ஸ்டார். யு.கே.ஜி.யில் கர்சிவ் ரைட்டிங் வந்துவிடும். பள்ளி கொடுத்ததை எழுத முடியாமல் குழந்தை அழ, குழந்தையின் கையைப் பிடித்து அம்மா எழுதி முடிக்கும் வீடுகள் ஏராளம். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. அதற்கும் கீழே உள்ள வகுப்புகளின் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. பெற்றோரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கட்டிய பணத்துக்கு அவர்களுக்குக் காட்டக்கூடிய அத்தாட்சி நோட்டுதான். இன்று குழந்தை ஒரு கதை கேட்டது, அதில் மூன்று கேள்வி கேட்டது என்பதை எந்த டைரியில் எழுதிக் காட்டுவது?

வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் எளிய சூத்திரம் ஒன்று உண்டு. பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986இல் முன்வைத்தது. எழுத்தை ஒலியாக்கிச் சொல்லை இனங்காணும் திறன் ஒன்று. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே படித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். கதைகளில் ஊறிய குழந்தைக்கு எழுத்து தெரியாவிட்டால் புத்தகம் திறக்காது. எழுத்தெல்லாம் தெரிந்த குழந்தைக்குச் சொல்வளமும் உலக அறிவும் இல்லாவிட்டால் புத்தகம் திறந்திருந்தும் உள்ளே ஒன்றும் தெரியாது. இந்த இரண்டாவது குழந்தையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அது கணீரென்று வாசித்துக் காட்டும். "நல்லா படிக்கிறான்" என்று நாமும் முதுகில் தட்டிக்கொடுத்துவிடுவோம். மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ அறிவியலும் கணக்கும் வாக்கியங்களாக வரத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கணக்குப் போடத் தெரிந்தும் கணக்கின் கேள்வி புரியாமல் விழிக்கும் பிள்ளைகளைப் பற்றி எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

பனயோட்டா கெண்டியூவும் அவரோடு பணியாற்றியவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று நான்கு வயது, ஆறு வயதுக் குழந்தைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எழுத்தே தேவைப்படாத கதைகளைக் காட்டியும் கேட்கவைத்தும், எவ்வளவு புரிந்தது என்று பார்த்தார்கள். அந்தக் கதைப் புரிதலும் எழுத்துத் திறனும் தனித்தனியாகப் பிற்கால வாசிப்புப் புரிதலுக்குப் பங்களித்தன. எழுத்தில் கெட்டிக்காரக் குழந்தை கதையிலும் தானாகவே கெட்டிக்காரக் குழந்தையாகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது என்பதே இதன் பொருள். இரண்டுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க வேண்டும். நம் கால அட்டவணையில் ஒன்றுக்கு நாள் முழுவதும் உண்டு. மற்றொன்று, மதியம் தூங்கவைக்கும் முன் நேரம் மிஞ்சினால் உண்டு.

தமிழில் இந்தச் சிக்கலுக்கு இன்னும் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது எழுத்து. 247 என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்கிறோம். மூன்று வயதுக் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. 'கெ' என்ற எழுத்தில் ககர ஒலி முதலில், எகரம் பின்னால். எழுதுவதிலோ கொம்பு முன்னே வந்து நிற்கிறது. 'கொ' வந்தால் குறி இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, ஒரே ககரம் 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'பகல்' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது. பெரியவர்கள் நாம் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் சொல் முன்பே நமக்குத் தெரியும். குழந்தைக்கும் அதுதான் வழி: தெரிந்த சொல்லாக இருந்தால் எழுத்துக் கூட்டும்போது பாதி வழியிலேயே நாக்கு சரியான ஒலியைப் பிடித்துவிடும். கன்னட எழுத்தைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுவதும் வசப்படுவது தொடக்கப் பள்ளி ஆண்டுகள் நெடுகிலும் மெல்ல நடக்கும் காரியம் என்று 2007இல் எழுதினார். உயிர்மெய் அமைப்பில் தமிழும் கன்னடமும் ஒரே குடும்பம். நான்கு வயதுக்குள் எல்லாவற்றையும் திணித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை. பேச்சில் சொற்கள் நிறையச் சேர்த்துக்கொண்டு வரும் குழந்தைக்கு எழுத்து கொஞ்சம் பிந்தினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இரண்டாவது முடிச்சு இதைவிடக் கடினமானது. நாம் பேசும் தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. "வந்துட்டு இருக்காங்க" என்று பேசும் வீட்டில் பிறந்த குழந்தை, பாடப் புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறார்கள்" என்பதைச் சந்திக்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துபோய்விடும். இது எழுத்துப் பிரச்சினை அல்ல. அந்த வடிவத்தை அந்தக் குழந்தை அதுவரை காதால் கேட்டதே இல்லை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவர் பேசுகிறார், அதைக் குழந்தை கேட்பதில்லை. ஆக, எழுத்துத் தமிழ் ஒரு சின்னக் குழந்தையின் காதில் விழ உருப்படியான வழி ஒன்றுதான்: யாராவது புத்தகத்தைப் பிரித்து, உள்ளது உள்ளபடி வாசித்துக் காட்ட வேண்டும்.

இதே நிலையில் இருக்கும் இன்னொரு பெரிய மொழி அரபு. அங்கும் வீட்டு அரபு வேறு, ஏட்டு அரபு வேறு. இஸ்ரேலில் வாழும் அரபுக் குழந்தைகளிடம் தீனா ஃபெய்டெல்சனும் அவருடைய குழுவினரும் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு நம் அங்கன்வாடிகளுக்காகவே செய்ததுபோல் இருக்கும். ஏட்டு அரபு இந்த வயதுக்குப் புரியாது, கதையைப் பேச்சு மொழிக்கு மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்பது அங்கே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஊறிய நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்க, மழலையர் வகுப்புகளில் ஐந்து மாதம் தினமும் ஏட்டு மொழியிலேயே கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டச் செய்தார்கள். கேட்ட குழந்தைகள், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்ற வகுப்புக் குழந்தைகளைவிட நன்றாகச் செய்தார்கள். புரியாது என்று பெரியவர்கள் முடிவு கட்டியதுதான் தடையாக இருந்திருக்கிறது.

பாட்டி கதைகளின் மீது எனக்கும் பிரியம் உண்டு. ஆனால், "பாட்டிகள் போனதால் எல்லாம் போயிற்று" என்று புலம்புவோரோடு சேர எனக்கு மனமில்லை. பாட்டி தந்தது பேச்சுத் தமிழ்க் கதை. குழந்தை 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் பாட்டியும் நிறுத்திவிடுவாள், குழந்தை தூங்கிவிட்டது என்று அர்த்தம். விடுகதைகள் வேறு இருந்தன. சொல்லாததை ஊகிக்கப் பழக்க அவற்றைவிட நல்ல பயிற்சி இன்றுவரை எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. அது பாதி. ஏட்டு மொழியைக் காதுக்குப் பழக்கும் மறுபாதியைப் பாட்டியால் தந்திருக்க முடியாது, அவளிடம் புத்தகம் இல்லை. பலருக்கு எழுத்தும் இல்லை. இன்றைய அம்மாவுக்கு எழுத்து இருக்கிறது. அது ஒரு பெரிய மாற்றம், அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நாம் இன்னும் கற்கவில்லை.

எப்படி வாசிப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. குழந்தையை 'உம்' மட்டும் கொட்டவிட்டால் போதாது. குரோவர் வைட்ஹர்ஸ்ட் தலைமையிலான குழு 1988இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சின்னப் பயிற்சி ஒன்று தந்தார்கள். வாசிக்கும்போது நடுவில் நிறுத்துங்கள், 'என்ன', 'ஏன்' என்று கேளுங்கள், குழந்தை சொன்ன இரண்டு சொல்லை நான்கு சொல்லாக்கித் திருப்பிச் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஒரே மாதத்தில் இந்தக் குழந்தைகள் பேச்சு வெளிப்பாட்டிலும் சொல்வளத்திலும், வழக்கம்போல் வாசித்துக் காட்டிய வீட்டுக் குழந்தைகளைவிடப் பல மாத வளர்ச்சி முன்னே நின்றார்கள்.

நம் வீட்டில் இது எப்படி நடக்கும்? படத்தில் ஒரு நாய் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. "இது என்ன?" என்றால் "நாய்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "நாய் ஏன் பெஞ்சுக்கு அடியில போகுது?" என்றால் குழந்தை யோசிக்கும். "நனையுது" என்று சொன்னால், "ஆமா, மழையில நனைஞ்சு அதுக்குக் குளிருது, அதனால பெஞ்சுக்கு அடியில ஒதுங்குது" என்று நீட்டிக் கொடுக்கலாம். அந்த 'அதனால' முக்கியம். காரணம் சொல்லும் சொற்கள், 'ஆனால்', 'அதற்குள்', 'இல்லாவிட்டால்' போன்றவை, குழந்தையின் வாயில் புழங்கத் தொடங்கும்போதுதான் வாக்கியங்களுக்கு இடையிலான தொடர்பு பிடிபடுகிறது. பக்கத்தைத் திருப்பும் முன், "இப்போ என்ன ஆகும் சொல்லு?" என்று ஒரு கேள்வி. தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம், அடுத்த பக்கம் திருத்திக்கொள்ளும். அதே புத்தகத்தை நாற்பதாவது முறை கேட்டாலும் வாசியுங்கள். சலிப்பு நமக்குத்தான். குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கோத்துக்கொண்டிருக்கும். கேள்விகளை அடுக்கிக் கதையைத் தேர்வாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் எதையும் தேர்வாக்க அதிக நேரம் பிடிக்காது.

செல்போனில் ஓடும் கதைக் காணொலிகள் இந்த வேலையைச் செய்யுமா என்று கேட்கிறார்கள். அவை குழந்தையின் பதிலுக்காக நிற்பதில்லை. அதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆங்கில வழி மழலையர் பள்ளிகளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மேலே சொன்ன பெருக்கலை அங்கே பொருத்திப் பாருங்கள். வீட்டில் ஆங்கிலம் ஒரு சொட்டும் இல்லாத குழந்தை, ஐ என்றால் இக்ளூ, எக்ஸ் என்றால் சைலஃபோன் என்று ஒப்பிக்கிறது. இரண்டையும் அது வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை. (தமிழ் அரிச்சுவடி மட்டும் யோக்கியமா? ஃ-க்கு எஃகு காட்டுகிறோம். மூன்று வயதுக்கு எஃகு என்ன தெரியும்?) எழுத்துப் பக்கம் ஓரளவு நிரம்புகிறது, கேட்டுப் புரியும் பக்கம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. அதோடு, கேள்வி கேட்கத் துடிக்கும் வயதில், கேட்கும் மொழியைப் பள்ளி பறித்துக்கொள்கிறது. "டாக் இன் இங்கிலிஷ்" என்று சொல்லப்பட்ட நான்கு வயதுக் குழந்தை பேச்சையே நிறுத்திக்கொள்வதை அந்த ஆசிரியைகளே பார்த்திருப்பார்கள். ஆங்கிலம் வேண்டும் என்ற பெற்றோரின் ஆசையில் தவறில்லை. தமிழில் கதை புரிந்து, காரணம் சொல்லப் பழகிய மூளை அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் எடுத்துச் செல்லும். எதையுமே புரிந்து பழகாத மூளைக்கு எடுத்துச் செல்ல என்ன இருக்கிறது?

அரசின் ஆவணங்கள் சரியாகத்தான் பேசுகின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயதுவரை ஒரே அடித்தள நிலை என்கிறது. 2021 ஜூலையில் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின் பெயர் விரிவிலேயே 'புரிதலோடு வாசித்தல்' இருக்கிறது. தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' 2022இல் வந்தது, தொடக்கத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை. அடிக்கடி பேசப்படும் 'அசர்' அறிக்கையின் அடிப்படை வாசிப்புச் சோதனையோ எழுத்து, சொல், பத்தி, கதை என்ற வரிசையில் குழந்தை உரக்க வாசிக்கிறதா என்றுதான் பார்க்கிறது. அது எடுத்துக்கொண்ட வேலையை அது செய்கிறது, குறையில்லை. ஆனால், அதன் எண்களைப் பிடித்துக்கொண்டு அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் சண்டையிடும்போது, வாசித்ததில் எவ்வளவு புரிந்தது என்ற கேள்வி யார் வாயிலும் வருவதில்லை. அளக்கப்படுவதைத்தான் பள்ளி கற்பிக்கும்.

எட்டு வயதில் தெரியும் விளைவுக்கு மூன்று வயதில் விதைப்பவர் யார்? அங்கன்வாடிப் பணியாளர். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளின் விவரம், தடுப்பூசி நாள், வீடு வீடாகக் கணக்கெடுப்பு, போஷன் டிராக்கர் செயலியில் பதிவேற்றம் எல்லாம் ஒருவர் தலையில். நெட்வொர்க் கிடைக்காமல் மையத்தின் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம், உள்ளே இருக்கும் குழந்தைகளோடு உரையாடி வாசியுங்கள் என்று பயிற்சி முகாமில் சொல்வது எளிது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டபோது இந்த வேலைக்கென்றே தனி ஆசிரியர் என்ற எண்ணம் முளைத்தது. 2022இல் அவ்வகுப்புகள் நிறுத்தப்படும் என்று செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகே தொடர்ந்தன. முன்பருவக் கல்வி யாருடைய பொறுப்பு, சமூக நலத் துறையுடையதா, பள்ளிக் கல்வித் துறையுடையதா என்ற இழுபறி அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இன்னும் தீரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயதில்தான் உரிமையைத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு, 11ஆம் பிரிவில், அரசு ஏற்பாடு செய்யலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு மையத்துக்கும் முப்பது நல்ல படக்கதைப் புத்தகங்கள், பூட்டிவைக்கும் பீரோவில் அல்லாமல் குழந்தை கைநீட்டி எடுக்கும் உயரத்தில். கிழிந்தால் கணக்குக் கேட்கக் கூடாது. கிழியாத புத்தகம் படிக்கப்படாத புத்தகம் என்று தணிக்கை அதிகாரிகளுக்கு யாராவது எழுதிக்கொடுக்க வேண்டும். தரமான தமிழ்ப் படப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையின் தூலிகா பல ஆண்டுகளாகப் போடுகிறது, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வைத்துச் சிறு நூல்களை உருவாக்கியது. அந்த உழைப்பை நுழைவதற்கும் முந்தைய, மடியில் உட்கார்ந்து கேட்கும் வயதுக்கு நீட்டிக்கலாம்.

அடுத்தது நேரம். தினமும் இருபது நிமிடம், எட்டு அல்லது பத்துக் குழந்தைகளாகப் பிரித்து, உதவியாளர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள, ஒரு புத்தகத்தை எழுத்துத் தமிழில் வாசித்து, பேச்சுத் தமிழில் பேசி, மீண்டும் வாசிப்பது. அந்த இருபது நிமிடத்துக்குச் செயலி, பதிவேடு, மேலதிகாரியின் தொலைபேசி எதுவும் குறுக்கிடக் கூடாது என்று எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். வாய்மொழி உத்தரவு நிற்காது. பயிற்சியில் சொற்பொழிவைக் குறைத்து, பணியாளர்களையே குழுவாக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் கதை வாசிக்கவும் கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும். 'ஏன்' கேள்வியை உருவாக்குவது பட்டம் பெற்றவர்களுக்கே சுலபமாக வருவதில்லை.

எழுத்தே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. குழந்தையின் பெயரை அதன் தட்டிலும் பையிலும் எழுதி ஒட்டுங்கள். முதலில் படிக்க விரும்பும் சொல் அதுதான். 'ப' என்று தொடங்கும் பொருள்களை அறைக்குள் தேடச் சொல்லுங்கள். நோட்டில் நூறு முறை எழுதவைப்பதை மட்டும் விட்டுவிடலாம்.

மையத்தைப் பார்வையிட வரும் மேற்பார்வையாளர், சுவரில் எழுதிய எழுத்தைக் கைகாட்டிச் "சொல்லு" என்று கேட்பதற்குப் பதிலாக, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன வாரம் கேட்ட கதை ஒன்றைச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். யார் வந்தார்கள், என்ன ஆயிற்று, ஏன் அப்படி, கடைசியில் என்ன என்பதெல்லாம் வருகிறதா என்று குறித்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிடம் ஆகும். தனியார் பள்ளியில் சேர்க்கை விண்ணப்பத்தோடு நிற்கும் அப்பா அம்மாவும் கட்டண விவரம் கேட்ட கையோடு, இந்த வகுப்பில் வாரத்துக்கு எத்தனை கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுவீர்கள், புத்தக அலமாரி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.